சிறு ஆணிக்கும் கத்தும் கருவி

அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் நாலே கால் மணிக்குச் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரையில் என் மகள் கழுத்தைத் தடவிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தாலிக்கயிறு இல்லை.

கல்யாணமாகி இரண்டு மாதம்தான். கயிறு நைந்துவிட்டது, சங்கிலியில் கோத்துவிடலாம் என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். மூன்றாம் மாதம் நல்ல நாளில்தான் என்று தள்ளிப்போட்டவன் நான். மாப்பிள்ளை அன்று துறைமுகத்தில் வேலையில் இருந்தார். பாரந்தூக்கிகளுக்கு அடியில் அவர் நிற்பதாக என் மனம் படம் போட்டபடியே இருந்தது.

நான் குழாய் வேலைக்கான கிடங்கு ஒன்றில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. மண்ணுக்கடியில் குழாய் தேடும் கருவிகள் அங்கே இரண்டு இருந்தன. கிடங்கிலேயே குடியிருந்த காப்பாளரை, நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனை, கடைத் தொலைபேசியில் அழைத்தேன். ஐந்தரைக்கு வேனில் இரண்டையும் கொண்டுவந்தார்.

ஈரப்புடவை மாற்றிய சவுக்கு மரத்தடியில்தான் விழுந்திருக்கும் என்றாள் மகள். புதிய கருவியை அங்கே நடத்தினோம். பெரிய குழாயை மட்டும் சொல்லி, சில்லறை இரும்பை விட்டுவிடும் என்றுதான் அதை வாங்கியிருந்தார்கள். அது மூச்சே விடவில்லை.

பழையது போர்க்காலத்தில் கண்ணிவெடி தேடியது. ஆணிக்கும் பாட்டில் மூடிக்கும் கத்துகிறது என்று மூலையில் போட்டிருந்தோம்.

"இது வாயாடி, கிராணி. உங்க வீட்டம்மாவை விட," என்றார் காப்பாளர்.

"காது கேக்குது நானா," என்றாள் என் மனைவி.

அதன் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டியதும் கடல் அடங்கிப்போனது. தூரத்தில் வண்டு சுற்றுவது போல ஒரு முணுமுணுப்பு மட்டும். மஞ்சள் வெயிலில் மணலும் நானும் மிதப்பதாக இருந்தது. மூடி, தூண்டில் முள், யாரோ தொலைத்த சாவி. ஒவ்வொன்றுக்கும் அது குரல் உயர்த்த, ஒவ்வொரு முறையும் மகள் மண்டியிட்டுக் கிளறினாள். பிறகு, தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல மெல்லிய ஓர் ஒலி. அவள் விரலோடு கயிற்றின் நுனி மேலே வந்தது, தாலியோடு.

அந்தக் கருவியைக் கழித்துவிடச் சொன்ன சீட்டு அப்போது என் மேசையில்தான் இருந்தது. கடைசிவரை நான் அதை மேலே அனுப்பவில்லை.

இருட்டும் வேளையில், வேலை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்த மாப்பிள்ளை பஸ்ஸிலிருந்து முழுசாக இறங்கி வந்தார். தாலி அறுந்தது என்று எங்கள் வீடுகளில் யாரும் வாயால் சொல்வதில்லை; பெருகியது என்றுதான் சொல்வோம்.

"தாலி பெருகிடுச்சு மாப்பிள்ளை," என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். மகளின் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதானே இருக்கு லா. இன்னொண்ணு எங்க, அத்தை?"