அசஹான் வழியாக லேடாங்: மழையில் இரண்டு தடவை கேட்ட என் பெயர்

சென்ற மாதம் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை நானும் என் நாத்தனார் மகேஸ்வரியும் குனோங் லேடாங் ஏறி இறங்கினோம். உயரம் 1,276 மீட்டர். இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் மலை ஏறுகிற ஆள் இல்லை. அருவிக்குப் போவேன், பாய் விரிப்பேன், புளிச்சோற்றைப் பிரிப்பேன், குளிக்கிறவர்களைப் பார்த்து "பாத்து, பாத்து" என்று கத்துவேன். அதோடு சரி.

மகேஸ் டுரியான் துங்காலில் வேலை செய்கிறாள். அடுத்த வருடம் அலுவலகத்து ஆட்களோடு கினபாலு மலைக்குப் போகிறாள். அதற்குப் பழகிக்கொள்ளத்தான் லேடாங். கூட வருவதாக இருந்த தோழி கடைசி வாரம் நழுவிவிட்டாள். என் கணவருக்கு முட்டி வலி. "நீ போ. என் தங்கச்சிய பத்திரமா கூட்டிட்டு வந்துரு, ஒன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் மகேஸுக்கும் ஒரே வயது, நாற்பத்து நான்கு. ரெம்பியா பக்கம் ஒரே எஸ்டேட்டில் வளர்ந்து ஒரே பஸ்ஸில் இடைநிலைப் பள்ளிக்குப் போனோம். நான் அவளுக்கு சாந்தி, அவள் எனக்கு மகேஸ், பேச்செல்லாம் வாடி போடிதான். அவள் அண்ணனை நான் கட்டிக்கொண்ட அன்று என் மாமியார் அவளிடம், "இனிமே பேரச் சொல்லக் கூடாது, அண்ணின்னு கூப்பிடு" என்றார். பதினெட்டு வருடமாக வாங்க அண்ணி, போங்க அண்ணிதான். மரியாதை கூடியது, பேச்சு குறைந்துவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, ஆனாலும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மகேஸ் காலை 4.30-க்கு ஜாசினில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். 4.45-க்கு என் காரில் கிளம்பினோம். மலையடிவாரத்து அசஹான் வரை மீட்டரில் 31 கிலோமீட்டர், வழியெல்லாம் செம்பனைத் தோட்டம், தெருவிளக்கு குறைவு. நடுவில் ஒரு காட்டுப்பன்றி குறுக்கே ஓடியது. சகுனம் பார்க்கலாமா என்று நான் யோசிப்பதற்குள், "அண்ணி, ரோட்ட பாருங்க லா" என்றாள் மகேஸ். 5.30-க்குச் சேர்ந்தோம். மலை ஏறாதவர்கள் இங்கே கீழேயே அருவியில் குளிக்கலாம், குடும்பத்தோடு பொழுதுபோக்க நல்ல இடம். என் மனம் அங்கேயே தங்கிவிடத்தான் சொன்னது.

ஏற வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்கி வழிகாட்டியோடுதான் போக வேண்டும். எங்கள் குழுவில் ஒன்பது பேர், வழிகாட்டிகள் இருவர். ரோஸ்லி முன்னால், டின் கடைசியில். எல்லாம் சேர்த்து ஆளுக்கு 75 ரிங்கிட் கொடுத்தோம். காலணிக்கு மகேஸ் 380 ரிங்கிட் செலவழித்திருந்தாள். கணுக்கால் வரை கட்டும் புது பூட்ஸ். நான் போட்டிருந்தது பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, ஜாசின் பசாரில் 12 ரிங்கிட். அவள் என் காலைப் பார்த்துவிட்டுத் தன் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

6.40-க்கு ரோஸ்லி மலாயில் விதிகளைச் சொன்னார். குப்பை போடாதீர்கள், பெருமை பேசாதீர்கள், விளையாட்டுக்கு ஒருவர் பெயரை ஒருவர் கத்திக் கூப்பிடாதீர்கள். அதற்குமேல் என் காது வேலை செய்யவில்லை. எங்கள் எஸ்டேட்டிலும் இதே பேச்சுதான். "காட்டுக்குள்ள யாராவது பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாத. மூணாந்தரம் கூப்பிட்டாத்தான் மனுசன்" என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார். மலாய்க்காரரும் அதையே சொல்கிறார் என்றால் விஷயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு நடை. முதல் ஒரு மணி நேரம் சுலபம், அட்டைகளைத் தவிர. 8.15-க்கு ஒரு சிற்றாறு. கயிறு கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் கணுக்கால் அளவுதான், அடியில் உருண்டைக் கற்கள். ரோஸ்லி தண்ணீரைக் காட்டி, அது கலங்கி இலையும் சருகுமாக வந்தால் மேலே மழை, உடனே கரையேறிவிட வேண்டும், வெள்ளம் ஒரேயடியாக வரும் என்றார். அதன்பின் ஏறி முடிக்கும் வரை என் கண் வானத்தில்தான் இருந்தது. வேர்களைப் பிடித்து, கயிற்றைப் பிடித்து, கடைசியில் பாறை வெளி. அங்கே 11.10. காற்று ஆளைத் தள்ளியது. உச்சிக்கு 12.50. முகில் விலகிய இரண்டு நிமிடத்தில் கீழே பச்சையாக விரிந்து கிடந்தது, எல்லாம் செம்பனை. மகேஸ் அழுதாள். அவளைக் கட்டிப்பிடிக்கலாமா என்று யோசித்தேன், அதற்குள் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

1.20-க்கு இறங்கத் தொடங்கினோம். 2.40-க்கு மழை பிடித்துக்கொண்டது. குழுவில் ஒரு தம்பதிக்குக் காலில் பிடிப்பு, அவர்களோடு டின் பின்தங்கிவிட்டார். 4.20-க்குச் சிற்றாறு, இப்போது முழங்காலுக்குக் கீழே வரை. ரோஸ்லி முதல் ஐந்து பேரை ஆற்றைக் கடக்க வைத்து, அடுத்த சரிவில் இறக்கிவிடக் கூட்டிப்போனார். "ஆற்றில் நிற்காதீர்கள், நேராக வந்துகொண்டே இருங்கள்" என்று எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் முதலில் கடந்தேன். தண்ணீர் என்றால் எனக்கு ஆகாது. கரையேறியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து வளைவைத் தாண்டிவிட்டேன். மகேஸ் பின்னாலேயே வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மழை இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல். "சாந்தி!"

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தக் காட்டில் யாரும் இல்லை. குழுவில் எல்லோருக்கும் நான் காக், மலாயில் அக்கா; மகேஸுக்கு அண்ணி. மறுபடி, "சாந்தி!" மூன்றாவதுக்காக நின்றேன். வரவில்லை. மழை மட்டும்தான். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு ஒரு மரத்தைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, மூன்று நிமிடம் இருக்கலாம். கீழேயிருந்து ரோஸ்லி ஏறி வந்தார். "காக், கவான் மானா?" கூட வந்தவர் எங்கே என்று கேட்கிறார். கையைப் பின்னால் காட்டினேன். மனிதர் ஓடினார்.

அவளுடைய புது பூட்ஸ் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. கயிற்றை இரு கையாலும் பிடித்திருந்தாள். தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது, தேத்தண்ணீர் நிறம், இலையும் சருகும் அவள் இடுப்பில் வந்து மோதின. ரோஸ்லி முங்கி, கத்தியால் பூட்ஸ் கயிற்றை அறுத்துக் காலை உருவினார். நான் கரையிலிருந்து அவள் பையின் பட்டையைப் பிடித்து இழுத்தேன். நாங்கள் மேலேறிப் பத்து நிமிடம் இருக்காது, அந்தக் கற்கள் கண்ணுக்கே தெரியவில்லை. அக்கரையில் டின்னும் தம்பதியும் தண்ணீர் வடிய ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள்.

கணுக்கால் வீங்கிவிட்டது. ரோஸ்லி தன் பையிலிருந்த சிலிப்பரைக் கொடுத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் நொண்டி நொண்டி இறங்கினாள்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்" என்றாள்.

"கேட்டுச்சி."

"அப்பறம் வழுக்கி விழுந்து தண்ணி குடிச்சிட்டேன். கொரலே வரல."

அம்மாவின் மூன்று தடவைக் கதையைச் சொன்னேன். நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லையே, உன் குரல் என்றே தெரியவில்லை என்றேன்.

"அடியே, பேய்க்கு ஒன் பேரு எப்படிடி தெரியும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

குரல் கேட்டும் நின்றதை ரோஸ்லியிடமும் ஒப்புக்கொண்டேன். அவரோ, விளையாட்டுக்குக் கூப்பிட வேண்டாம் என்றுதான் சொன்னேன், உதவிக்குக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்க வேண்டும், அதையும் காலையில் சொன்னேனே காக் என்றார். திட்டியிருந்தால் தேவலை. 6.30-க்குக் கீழே வந்து சேர்ந்தோம். ஜாசின் கிளினிக்கில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான் என்றார்கள். 65 ரிங்கிட்.

போக நினைப்பவர்களுக்கு: ஆறு மணி நேரம் ஏற, ஐந்து மணி நேரம் இறங்க என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் விதியும் மாறும், போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். புது பூட்ஸை மலையில் பழக்காதீர்கள். 12 ரிங்கிட் ரப்பர் சப்பாத்து போதும், மாட்டினாலும் கால் உருவிக்கொண்டு வந்துவிடும். கழுத்தில் ஆளுக்கொரு விசில், பசாரில் 3 ரிங்கிட். ஆற்றைக் கடந்ததும் நின்று, பின்னால் வருகிறவர் கரையேறிய பிறகு நடங்கள். இதை எனக்குச் சொல்ல எந்த வழிகாட்டியும் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

அன்று வீட்டில் என் கணவர் தங்கையின் காலைப் பார்த்துவிட்டு, எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகேஸ், "தண்ணில வழுக்கிட்டேன் லா அண்ணே. அண்ணி பக்கத்துலதான் இருந்தாங்க, அவங்கதான் இழுத்துப் போட்டாங்க" என்றாள். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பதிவை அவரும் படிப்பார், நீயும் படிப்பாய் மகேஸ். உனக்கு நான் சொன்னதும் பொய். முதல் தடவை எனக்குத் தெரியாது, சத்தியம். இரண்டாவது தடவை நீ கூப்பிட்டபோது அது உன் குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அந்தத் தண்ணீருக்குப் பயந்துதான் நின்றேன்.