பசித்த பெட்டிகளுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர்

சூடேறிக் கருகும் வார்னிஷ் வாசனை மூக்கில் பட்டால் இன்றைக்கும் நான் பாவாடை சட்டைக்காரியாகிவிடுவேன். மலைமேல் சித்திரபுரத்தில் கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸின் முன்னறையில், அப்பா எங்கிருந்தாவது தூக்கிவந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று உயிரை விடும்போது வருகிற வாசனை அது. முதலில் வாசனை, பிறகு ஒரு இழை புகை, அதற்கும் பிறகு, கொஞ்சமும் வருத்தமில்லாத குரலில் அப்பா: "இது பத்தாது தாயி. பொட்டி ரெண்டும் பசியில கெடக்கு. இவன் ஊட்டுறது தொண்டைக்கே காணாது."

"பொட்டி" என்று அவர் சொன்னது ஸ்பீக்கர்களை. சின்னக்கானல் பக்கம் எஸ்டேட் ஒன்றில் மானேஜராக இருந்தவர் மாற்றலாகிப் போகும்போது அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனவை, அன்றைய என் உயரத்துக்கு நின்றன. கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு "எத்தனை வாட்ஸ்ணே?" என்று கேட்பார்கள். வாட்ஸ் கணக்குக்கெல்லாம் மசிகிற பெட்டிகளா அவை! பாட்டு கீழ்ச்சுருதிக்கு இறங்கினால் மடைதிறந்த மாதிரி கரண்ட்டை இழுக்கும். கொடுக்க மாட்டாத ஆம்ப்ளிஃபயர் சூடேறி வாயை மூடிக்கொள்ளும். இதில் வேடிக்கை, பவர்ஹவுஸில் ஆபரேட்டராக இருந்த அப்பாவின் வீட்டிலேயே சாயங்காலமானால் வோல்டேஜ் கிடையாது. எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் போடுகிற நேரத்தில் குண்டு பல்பு பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிடும். "கரண்டு பொறக்குற ஊருல நமக்குக் கழிவுதான்யா" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

அந்தப் பெட்டிகளில் நான் கேட்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அம்மாவின் குரல். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள், நெஞ்சில் கோளாறு உள்ளவள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் எனக்குப் பாடிய தாலாட்டை அப்பா ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை, அவள் இறந்த நாளில் படையல் முடிந்ததும், கையடக்க டேப் ரிக்கார்டர் ஒன்றில் அதைப் போடுவார். இரைச்சலுக்கு நடுவே எங்கோ மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது போல ஒரு பெண்குரல். இரண்டு அடிகளுக்கு நடுவில் "கரகர"வென்று ஏதோ கேட்கும். தகரக் கூரையில் மழை என்று நானாக நினைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்த கையோடு அப்பா நிறுத்திவிடுவார். பெரிய பெட்டியில் போடுங்கப்பா என்று நான் அழுதால், "சரியான ஆம்ப்ளிஃபயர் வரட்டும். அரைகுறையாக் கேக்கக்கூடாது உங்கம்மாவ" என்பார். அழுகை அடங்கிவிடும். அத்தனை பெரிய மரியாதை அது என்று நம்பினேன், மண்டு!

செல்போனில் ஏற்றிக் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். அப்பா அந்தக் கேசட்டை ஒரு நாளும் கையைவிட்டுக் கொடுத்ததில்லை.

போன மாதம் கொல்லங்கோட்டில் ஒரு விவசாயக் குடும்பத்து வீட்டில் அந்தப் பெட்டிகளின் பசிக்கு ஈடுகொடுக்கக்கூடிய பழைய பவர் ஆம்ப்ளிஃபயர் இருப்பதாகத் தெரிந்து போனேன். முகப்பில் முள் ஆடுகிற இரண்டு மீட்டர், பக்கவாட்டில் விறகு அடுக்கினாற்போல் அலுமினியத் தகடுகள், உள்ளே உரல் கனத்தில் டிரான்ஸ்பார்மர். வீட்டுக்கார அம்மாள் முந்தானையால் தூசியைத் தட்டினார். "ஏனுங்க, தனியாவா வந்தீங்க? இதைத் தூக்கோணும்னா ரெண்டு ஆளு வேணுமுங்க. எங்கூட்டுக்காரரு இருந்தவரைக்கும் பாடுச்சுங்க. இப்ப பூனைதான் மேல ஏறிப் படுத்துக்குதுங்க." போட்டுக் காட்டச் சொன்னேன். அறை அதிர்ந்தது, தகடுகள் லேசாகக் கதகதத்தன, அவ்வளவுதான். விலை பேசக்கூடத் தோன்றவில்லை எனக்கு. பழைய கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றிக்கொண்டு ஜீப்பில் மலையேற்றினேன்.

இப்போது ரிட்டயராகி, அந்தப் பெட்டிகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்ட அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார். ஒயர்கூட மாட்டவில்லை, அதற்குள் "இதுவும் பத்தாது தாயி" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நீங்க பேசாம உக்காருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, ஒயர்களை மாட்டி, அலமாரியிலிருந்து நானே கேசட்டை எடுத்து டெக்கில் போட்டேன். அவர் தடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அம்மா அறைக்குள் வந்தாள். வேறு எப்படிச் சொல்வது? இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று பாடினாள். ஐயோ அம்மா என்று வாய்விட்டே சொன்னேன். முதல் அடி முடிந்தது. மழை இல்லை. அது மூச்சு. ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி இழுத்து இழுத்து வாங்கிய மூச்சு. பாட்டு முடிந்து, அப்பா எப்போதும் நிறுத்திவிடுகிற இடத்துக்கும் அப்பால், மெல்ல, "போதும்ங்க. நெஞ்சு அடைக்கு." உடனே, அன்றைக்கு இளைஞராக இருந்த என் அப்பாவின் குரல்: "ஒரே ஒரு தடவ. இப்ப வோல்டேஜ் வந்துருச்சு. நல்லா இழுத்துப் பாடு." அவள் பாடினாள்.

மீட்டர் முள் இறங்கி அடங்கிய பிறகு அப்பா பேசினார். "வோல்டேஜ் கொறஞ்சா டேப் மெதுவா ஓடும் தாயி. திருப்பிப் போட்டா கொரலு கீச்சுன்னு ஆயிரும். அதான் கரண்டு நிக்கிற வரைக்கும் மறுபடி மறுபடி பாட வச்சேன். காய்ச்சலோட வேலைக்குப் போயிட்டு வந்தவள. அந்த வருஷத்து மழை விடுறதுக்குள்ள போயிட்டா." பிறகு, "சின்னச் செட்டுல பாட்டு மட்டுந்தான் கேக்கும். உனக்கு அது போதும்னு நெனச்சேன்" என்றார். கரண்ட்டோடே வாழ்ந்த மனிதர் தேடித் தேடி வலுவில்லாத ஆம்ப்ளிஃபயராகவே ஏன் தூக்கிவந்தார் என்று இனி நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

இப்போது குவார்ட்டர்ஸ் காலியாகக் கிடக்கிறது, கூரை வழியே புல் முளைத்திருக்கிறது. அந்தக் கையடக்க டேப் ரிக்கார்டர் எந்தக் குப்பையில் போயிற்றோ தெரியவில்லை. அது கிடைத்தால் கேசட்டை மறுபடி அதில் போட்டுப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிரயோஜனம் இல்லை. எதில் போட்டாலும் எனக்கு இனி அந்த மூச்சுதான் கேட்கும். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு குறையுமில்லாமல் எனக்காகப் பாடிக்கொண்டிருந்த ஒரு அம்மா எனக்கு இருந்தாள். அவள் போன மாதம்தான் செத்துப்போனாள்.