அவளுக்கென்று விட்ட வெள்ளரிக்காய்

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி துபாய்க்குப் புறப்பட்ட வாரம், பின்பக்கக் குழாயடியை ஒட்டி வெள்ளரி விதை ஊன்றினாள். பாத்தியைச் சுற்றி, நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் கழித்துப் போட்ட ஃப்யூஸ் கட்டைகளைப் பதித்தாள். “காய்க்கிறதுக்குள்ள வந்துடுவேன். தண்ணி மட்டும் ஊத்துங்க” என்றாள். எனக்குச் சோறு வடிக்கச் சொல்லித் தரவில்லை, செடிக்கு மட்டும் அத்தனை பக்குவம் சொன்னாள். எனக்குக் கோபம்தான்.

கோபத்தோடுதான் தண்ணீர் ஊற்றினேன். கொடி அதைச் சட்டை செய்யவில்லை. துணி காயப்போடும் கம்பியைப் பிடித்து ஏறி, என் லுங்கிக்கு இடமில்லாமல் பண்ணிவிட்டது. சாயங்காலமானால் வீடியோ காலில் அவளுக்குக் கொடியைக் காட்ட வேண்டும். முதல் பிஞ்சைக் கண்ட சந்தோஷத்தில் விரலை நீட்டிக் காட்டினேன். பதறிவிட்டாள்.

“வெரல நீட்டாதீங்க, பிஞ்சு வெம்பிடும். மடக்கிக் காட்டுங்க.”

வெயிலுக்கு வெம்பும், விரலுக்குமா வெம்பும் என்று கேலி செய்தேன். ரெண்டு நாளில் அது மஞ்சளாகி உதிர்ந்தது. அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு விரலை மடக்கியே காட்டினேன்.

அடுத்த பிஞ்சு நின்றது. “அத வுடுங்க. நான் வந்து என் கையால பறிக்கறேன்” என்றாள். மற்ற காய்களை உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றேன், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அந்தக் காய் கொடியில் இருக்கிறவரை அவள் வந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு.

ஒருநாள் அவளே சொன்னாள். “அந்தக் காய நீங்களே பறிச்சிடுங்க. முத்திடும்.”

எனக்குப் புரிந்துவிட்டது, இப்போதைக்கு வரமாட்டாள். கேட்டதும் காரணம் சொன்னாள். மகள் லீவு முடிந்து வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பார்க்க ஆளில்லை, விசாவை நீட்டிவிட்டார்கள். காரணமெல்லாம் நியாயமானதுதான். அதனாலேயே இன்னும் எரிச்சல் வந்தது.

“முத்தட்டும், பழுத்து வெடிக்கட்டும். எனக்கு நீ வேணும்” என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படியொரு வார்த்தை என் வாயில் வந்ததில்லை.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். “மெதுவா பேசுங்க. மாப்ள பக்கத்துல இருக்காரு.”

பேரனை மகளிடம் கொடுத்துவிட்டு, போனோடு எழுந்து நடந்தாள். திரையில் சுவரும் கதவும் ஆடின. பால்கனிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

“இப்ப சொல்லுங்க. என்ன சொன்னீங்க?”

கொடியில் அந்தக் காயைப் பார்த்தேன்.

“ராத்திரிக்கு என்ன சமையல்?” என்று கேட்டேன்.

அவள் இன்னொரு தடவை சொல்வேனா என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.