மைக் டீச்சர் பேசாத இரண்டு வாரம்

எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக் டீச்சர். காரணம் சொல்லத் தேவையில்லை. அவர் மாடியில் "பெயர்ச்சொல் என்றால் என்ன?" என்று கேட்டால், கீழே வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருக்கும் அப்பாக்கள் பதில் சொல்லிவிடுவார்கள். பதினெட்டு வருடம் அப்படித்தான் ஓடியது. தலைமை ஆசிரியையான எனக்கு அதில் ஒரு வசதி. எந்த வகுப்பில் பாடம் நடக்கிறது, எதில் அரட்டை நடக்கிறது என்று நாற்காலியை விட்டு எழாமல் காதாலேயே கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தக் குரல் ஒருநாள் கம்மிப்போனது. தொண்டையில் சின்னக் கட்டி. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாது, அதற்குப் பிறகும் சத்தம் போடவே கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கடிகாரம் பழுது பார்க்கும் அவர் கணவர், "இருபது வருஷத்துல இப்பதான் மேடம், நான் ஆரம்பிச்ச பேச்சை நானே முடிக்கிறேன்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக் டீச்சர் மகளின் நோட்டை வாங்கி எழுதிக் காட்டினார்: "அடுத்த வாரம் வந்துடறேன். என் வகுப்பை மட்டும் வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

நான் இளகின மனசுக்காரி இல்லை. "பேசாம எப்படி டீச்சர் பாடம் நடத்துவீங்க?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் பார்வையே கெஞ்சியது. சரி, இரண்டு வாரம் பார்க்கலாம் என்றேன். சரிப்படாவிட்டால் அலுவலக அறையில் பதிவேடு எழுதும் வேலை, சம்பளத்தில் ஒரு குறையும் வராது என்றும் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. சம்பளத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

சொன்னபடி வந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பித்தது. ஐந்தாம் வகுப்பில் யாரோ திட்டு வாங்கினார்கள். நாலாம் வகுப்பிலிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. மறுநாளும் அப்படியே. இரண்டு வாரக் கெடுவின் பத்துப் பள்ளி நாளும் பொறுத்தேன். பிள்ளைகள் தூங்குகிறார்கள், டீச்சர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு தடவை மாடி ஏறிப் பார்த்திருக்கலாம். முழங்கால் வலி என்று ஒரு சாக்கு. பதினோராம் நாள், மாற்றல் ஆணையைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டேன். நல்லவேளை, அதை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. நேரில் கொடுப்பதுதான் மரியாதை என்று தோன்றியதற்கு இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி, நாலாம் வகுப்புக் கதவைத் தள்ளினேன். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. ஒருத்தருமே இடத்தில் இல்லை. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. பெயர்ச்சொல் வைத்திருந்தவர்கள் அதை ஒட்டுவதற்கான பொருளைத் தேடி அலைந்தார்கள். கதவில் 'கதவு', டீச்சர் முதுகில் 'ஆசிரியை'. வினைச்சொல் கிடைத்தவர்கள் அதைச் செய்து காட்ட வேண்டும். ஒருவன் குதித்தான், ஒருத்தி இல்லாத பாத்திரத்தைத் தேய்த்தாள். பெயரடையும் வினையடையும் தனியாக நிற்கக் கூடாதாம், ஜோடி தேடிக் கைகோர்க்க வேண்டுமாம். 'பெரிய' சீட்டுக்காரி 'பை' சீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டாள். 'வேகமாக' கிடைத்த பொடியன் 'நட' என்றிருந்தவனை இழுத்துக்கொண்டு அறையைச் சுற்றினான். தப்பாகச் சேர்ந்த ஜோடிகளை மற்ற பிள்ளைகளே பிரித்துவைத்தார்கள். எல்லாமே கிசுகிசுப்பில். மைக் டீச்சர் நடுவில் நின்று கையாலும் புருவத்தாலும் வகுப்பை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடக்குது இங்க?" என்று என் வழக்கமான குரலில் கேட்டேன். அறையே திடுக்கிட்டது. ஒரு சிறுமி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா பேசுங்க மேடம். நாம கத்தினா டீச்சருக்குத் தொண்டை வலிக்கும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்களுக்கே தெரியும்."

யார் கத்தினாலும் வலி டீச்சருக்குத்தான் என்று முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் நம்பியிருக்கிறார்கள். பத்து நாளாக என் காதுக்கு எட்டாத பாடம் இதுதான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த நம்பிக்கையைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

அவள் என் கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். 'உட்கார்' என்றிருந்தது. வாங்கினால் செய்துதான் ஆக வேண்டுமாம். கடைசி பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க, உட்கார்ந்தேன். வேண்டுமென்றே நாலு பேரைக் கூப்பிட்டுக் கிடுக்கிப்பிடிக் கேள்வி கேட்டேன். மூன்று பேர் தயங்காமல் சொன்னார்கள். நாலாமவன் பக்கத்தில் கேட்டுச் சொன்னான். போன வருடம் கோரஸாகக் கத்தியவர்களில் ஒருத்தர்கூட இப்படித் தனியாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அதற்குள் கத்தரிக்கோலுடன் ஒரு இரட்டைச் சடைக்காரி வந்து நின்றாள். பழைய தாள்களைச் சீட்டாக வெட்டுவது அவள் பொறுப்பாம். "மேடம், அந்தப் பேப்பர் பின்னாடி காலியா இருக்கே. வெட்டிக்கட்டுமா?"

கையிலிருந்த ஆணையைப் பார்த்தேன். "தாராளமா வெட்டிக்கோ" என்றேன்.

எட்டுத் துண்டானது. அதில் ஒன்றில் எழுதப்போன மைக் டீச்சர் திருப்பிப் பார்த்தார். 'அலுவலக அறைக்கு மாற்றப்படுகிறார்' என்ற வரியும் என் பாதிக் கையெழுத்தும் அதில் இருந்தன. என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்தார்கள்.

அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நன்றி சொல்ல வேண்டியது அவர் இல்லை, நான். எழுந்து போய், அவர் காதருகில் குனிந்து, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.