சேலைன் குழாயில் ஓடிய அமெரிக்கன் கார்

இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தைக்கு நடுவில், மீன் தட்டுக்கும் தோடம்பழ வண்டிக்கும் இடையில், கப்பல் அளவான ஓர் அமெரிக்கன் கார் நின்றுபோய்விட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது எழுபது வயது கடந்த என் சின்யோரா, நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா. பின் சீற்றில் இருமிக்கொண்டிருந்தது மிலானிலிருந்து வந்த அவருடைய மகன். முன் சீற்றில், யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஒரு தண்ணீர்ப் போத்திலைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தபடி இருந்தது நான். அந்தப் போத்திலிலிருந்து ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற குழாய் ஒன்று பொனற்றுக்குள் போனது.

மீன்காரன் கத்தியை வைத்துவிட்டு என்னை வடிவாகப் பார்த்தான்.

"வருத்தம் ஆருக்கு? காருக்கோ, உனக்கோ?"

அந்த நேரம் எனக்கும் அது சரியாகத் தெரியவில்லை.

வீட்டு வேலை என்றால் கூட்டுவதும் துடைப்பதும் சமைப்பதும்தானே என்று நினைத்துக்கொண்டு புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். கூட்டலாம், துடைக்கலாம், சமைக்கலாம். அதெல்லாம் சுகம். வாயைத் திறக்கிறபோதுதான் கவனம் வேண்டும்.

1. வாய் செய்த வேலை

தொண்ணூறுகளில் பலெர்மோவின் சீசாப் பகுதியில் அந்தச் சின்யோராவின் வீட்டில் வேலை செய்தேன். புருசனை இழந்தவர், தனி ஆள். சரோஜினிதேவி என்ற என் பெயரைச் சாரா என்று வெட்டிச் சுருக்கி வைத்திருந்தார். நானும் இத்தாலியப் பாசையை வெட்டிச் சுருக்கித்தான் கதைப்பேன். கணக்குச் சரியாகிவிடும்.

ஒருநாள் பஸ்சில் இருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, மனம்தான் முறிந்தது. அதற்குப் பிறகு பஸ் என்றால் கும்பிடு. டாக்சி என்றால் கள்ளர் என்பார். சந்தைக்கும் போவதில்லை, பூசைக்கும் போவதில்லை. செய்தி மிலானுக்குப் போக, அங்கே வங்கியில் வேலை பார்க்கும் மகன் வந்து இறங்கினார். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போகப்போகிறாராம்.

நான் கோப்பி ஊற்றிக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டைப் பூட்டினால் என் வேலையும் பூட்டு. வேலை இல்லாமல் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போய், இந்த நாட்டில் இருக்கத் தருகிற பெர்மெசோவைப் புதுப்பிக்கக் கேட்க முடியாது. என் புருசனோ யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்து, பிற்சா கடை ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். என் பெர்மெசோவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த மனிதர். தலை போனால் வாலும் போகும்.

சின்யோரா கடைசி முயற்சியாக, "என்னட்டைக் கார் இருக்கு, நான் ஓடுவன்" என்றார். மகன் சிரித்தார். கீழே கராஜில் ஒரு கார் கிடந்தது உண்மைதான். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய, அவர்கள் குடும்பத்துப் பெரியப்பா ஒருவர் ஒருகாலம் கப்பலில் கொண்டுவந்தது. சின்யோராவின் புருசன் செத்த நாளிலிருந்து அதுவும் செத்த மாதிரித்தான் கிடந்தது.

"அது ஓடினால் நீங்கள் இஞ்சையே இருங்கோ மம்மா" என்றார் மகன். ஓடாது என்ற நம்பிக்கையில் சொன்ன வார்த்தை.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். என் புருசன் கார் மெக்கானிக், நாட்டில் பெயர் பெற்றவர், அவர் ஓடவைப்பார் என்றேன். நான் ஒரு பிழையும் இல்லாமல் பேசிய முதல் இத்தாலிய வசனம் அது. அதில் உண்மை மட்டும்தான் குறைவு.

2. புருசனிடம் சொன்ன விதம்

கெட்ட செய்தியைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. மீன் குழம்பு வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, ஒரு காரைக் கொஞ்சம் பாக்கோணும்."

"ஆற்றை கார்?"

"சின்யோராவின்ரை. கொஞ்ச நாளாய் ஓடாமல் நிக்குது."

"எவ்வளவு நாளாய்?"

"அவவின்ரை மனுசன் செத்ததிலையிருந்து."

"அவர் எப்ப செத்தவர்?"

"அது நான் இஞ்சை வரக் கனகாலம் முந்தி."

அவர் கையில் எடுத்த கவளத்தைக் கோப்பையில் திருப்பி வைத்தார். "என்னை ஆரெண்டு சொன்னனீர்?"

"மெக்கானிக் எண்டு."

"நான் ஹயர் கார் டிரைவர்."

"மண்ணெண்ணெயிலை கார் ஓட்டினனான் எண்டு ஒரு கலியாண வீடு விடாமல் சொல்லித் திரியிறியள். அப்ப அது பொய்யோ?"

அதோடு மனிதர் மடங்கிவிட்டார்.

அந்தக் கதை இதுதான். சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. கொஞ்சம் பெற்றோல் விட்டுக் காரை ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்களாம். இவர் தன் பழைய ஏ-போர்ட்டி காரை அப்படித்தான் ஓட்டினாராம். கேட்டுக் கேட்டு எனக்கு அந்தக் கதை தேவாரம் போலப் பாடம். ஆனால் அந்த ஆண்டுகளில் நான் பலெர்மோவில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெயில் ஓடின கார் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. கராஜ்

காரை மூடியிருந்த சீலையை இழுத்ததும் தூசியில் நாங்கள் ஒருவரை ஒருவர் காணவில்லை. தூசி அடங்கியதும் இவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தவரின் முகம் மாறியது. கியர்த்தடி, அவருடைய பழைய காரில் போலவே, ஸ்டியரிங்கோடு சேர்ந்து இருந்தது.

"இது எங்கடை ஏ-போர்ட்டிதான். வெளிநாட்டுச் சாப்பாட்டிலை கொழுத்திருக்கு" என்றார்.

பிற்சா கடை பூட்டியிருக்கும் பகல் நேரங்களில் வேலை நடந்தது. ஆறு பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்குள் எண்ணெய் விட்டு ஊறவிட்டார். பொயின்ற்றை அரத்தாளால் தேய்த்தார். எயர் கிளீனருக்குள் ஓர் எலிக் குடும்பம் குடியிருந்தது. காபுரேற்றரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். பற்றறி புதிதாக வாங்கினது சின்யோரா. பிரேக்கில்தான் அதிக நாள் போனது. "ஓடாட்டிலும் பரவாயில்லை, நிக்கோணும்" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஞானமான வார்த்தை அது ஒன்றுதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. நிலம் கழுவும் மருந்தால் சீற்றைத் தேய்க்க, அது வாழையிலை மாதிரிக் கிழிந்தது. காய்ந்துபோன ஸ்டியரிங்குக்குத் தேங்காயெண்ணெய் பூசினேன். சின்யோரா பழகப் பிடித்தபோது கை வழுக்கிக் கார் கராஜ் சுவரை முத்தமிட்டது. அதோடு இவர் என்னைக் காரில் கைவைக்க விடவில்லை.

கடைசியில் இடித்தது பெற்றோல் ராங்க். உள்ளே முழுக்கத் துரு. அதைக் கழற்றிக் கழுவ நாள் வேண்டும், மிலானுக்குப் போயிருந்த மகனோ காரைப் பார்க்க அந்தச் சனிக்கிழமை திரும்பி வருகிறார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, சேலைன் குழாய் கிடைக்குமா என்று கேட்டார். நாட்டில் அவசரத்துக்கு அப்படித்தான் செய்வார்களாம். சின்யோராவின் புருசன் படுக்கையில் கிடந்த காலத்தில் மிஞ்சிய குழாய் ஒன்று அலுமாரியில் கிடந்தது. சொட்டு விழுகிற பகுதியை வெட்டி எறிந்து, ஒரு நுனியைப் போத்தில் மூடிக்கும் மறு நுனியைக் காபுரேற்றருக்கும் செருகினார். குழாயில் மருந்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சில்லு இருக்குமே, அது என் பெருவிரலுக்கு.

ரயருக்குக் கீழே வைக்கத் தேசிக்காய் கேட்டேன். ஏன் என்று கேளாமல் பல்கணிச் சாடியிலிருந்து நாலு ஆய்ந்து தந்த சின்யோரா, தன் பங்குக்கு, ஊரைக் காக்கும் மாதா என்று சொல்லிச் சான்ரா ரொசாலியா படம் ஒன்றை முன்னால் ஒட்டினார். நான் பக்கத்தில் பிள்ளையாரை ஒட்டினேன். இரண்டு பேருக்கும் இடம் தாராளம். அமெரிக்கன் கார்தானே.

இரண்டு தரம் தும்மிவிட்டு எஞ்சின் பிடித்தது. சின்யோரா அழுதார். இவரும் அழுதார், புகை என்றார்.

4. சனிக்கிழமை

மகன் வைத்த பரீட்சை இது. சீசாவிலிருந்து ஒரேத்தோவில் இருக்கும் டொக்டரிடம் போகவேண்டும், வருகிற வழியில் பல்லரோவில் மீன் வாங்கவேண்டும், அம்மாவே ஓட்டவேண்டும். தான் பின்னால் இருந்து பார்ப்பாராம். சனிக்கிழமைகளில் கடை பகலிலும் திறப்பதால் என் புருசனுக்கு லீவு இல்லை. "போத்திலை உயத்திப் பிடியும். வெறுமையாக விடாதையும். பூற்றுக்குள்ளை இன்னொரு போத்தில் பெற்றோல் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். காபுரேற்றர் கழுவிய மண்ணெண்ணெயும் காரின் பின்பெட்டியான அந்தப் பூற்றுக்குள்தான் இருந்தது. அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரேத்தோ வரை நாங்கள் ராசாத்திகள் மாதிரிப் போனோம். பஸ் தரிப்பில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. டொக்டரின் வாசலில்தான் வினை தொடங்கியது. நிற்பாட்டினால் திரும்ப ஸ்ரார்ட் வராது என்ற பயத்தில் சின்யோரா எஞ்சினை ஓடவிட்டுவிட்டு மகனோடு மேலே போனார். நான் காருக்குச் சேலைன் பிடித்துக்கொண்டு காவல் இருந்தேன். டொக்டரோ கதைகாரர். முதல் போத்தில் முடிந்து, இரண்டாவதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது.

பல்லரோவுக்குக் கிட்ட வரும்போது போத்திலில் ஒரு மிடறுதான் மிச்சம். பின்னால் மகன் இருக்கிறார். பெற்றோல் முடிந்துவிட்டது என்று சொன்னால் பரீட்சை முடிந்துவிடும். அப்போதுதான் என் தேவாரம் நினைவுக்கு வந்தது. எஞ்சின் சூடு. சூடான எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் போதும். இத்தனை கலியாண வீடுகளில் கேட்டது வீண் போகுமா?

காரை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கிப் போய் மண்ணெண்ணெயை எடுத்துப் போத்திலை நிரப்பினேன். அது என்ன என்று சின்யோரா கேட்டார். எங்கள் ஊரில் காருக்கு விடுவது என்றேன்.

எஞ்சின் கட கட என்று சத்தம் வைத்தாலும் ஓடியது. பின்னால் வெள்ளைப் புகை ஊர்கோலம் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை சின்யோராவையும் பிடித்துக்கொண்டது போல. பெரிய வீதியால் சுற்றிப் போகாமல், விழுந்த நாளிலிருந்து தன்னைக் காணாத மீன்காரன் காணட்டும் என்று, நேரே சந்தைக்குள் காரைத் திருப்பினார்.

ஊர்ந்தோம். எஞ்சின் முனகியது. மீன் தட்டடியில் படுத்துவிட்டது.

5. தள்ளு

"சரி மம்மா, முடிஞ்சுது" என்றார் மகன். குரலில் வெற்றி இல்லை, களைப்புத்தான் இருந்தது. சின்யோரா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காயெண்ணெய் பூசிய ஸ்டியரிங்கை அவருடைய கை விடவில்லை. நான் போத்திலை இறக்கினேன். என் பெர்மெசோவும் அதோடு இறங்கினது போல இருந்தது.

மீன்காரன் அப்போதுதான் உள்ளே குனிந்து பார்த்தான். "அட, எங்கடை சின்யோரா. செத்துப்போனியள் எண்டல்லோ நினைச்சன்" என்றான்.

அவ்வளவுதான். சந்தை முழுக்கக் காரைச் சுற்றி வந்துவிட்டது. ஒருத்தி கதிரை கொண்டுவந்தாள், ஒருத்தி கோப்பி கொண்டுவந்தாள். தோடம்பழக்காரன் வண்டியை இழுத்து வழிவிட்டான். ஒரு கிழவி மகனைப் பிடித்துக்கொண்டாள். தாயை ஓட்டவிட்டுவிட்டுப் பின்னால் துரை மாதிரி இருக்க வெட்கமில்லையா என்று கேட்டாள். வங்கி உத்தியோகத்தர் இறங்கிக் கோட்டைக் கழற்றினார்.

நான் பக்கத்தில் இருந்த எங்கள் ஆட்களின் கடைக்கு ஓடிப் பிற்சா கடைக்குப் போன் பண்ணினேன். இவர் ஏப்ரனோடு, கையில் பெற்றோலோடு ஓடி வந்தார். பொனற்றைத் திறந்து ஒருதரம் மூக்கை உறிஞ்சினார்.

"ஆர் மண்ணெண்ணெய் விட்டது?"

நான் சான்ரா ரொசாலியாவைப் பார்த்தேன். "நீங்கள்தானே சொன்னனீங்கள், சூடெண்டால் ஓடும் எண்டு."

"நல்லா ஓடிக்கொண்டிருந்தால் ஓடும். ஊர்ந்தால் படுத்திடும். பிறகு பெற்றோல் இல்லாமல் எழும்பாது. இது தெரியாதே உமக்கு?"

"அதை ஏன் ஒரு கலியாண வீட்டிலையும் சொல்லேல்லை?"

அவர் தலையைப் பொனற்றுக்குள் விட்டுக்கொண்டார்.

பெற்றோல் மாற்றி, இரண்டாம் கியரில் வைக்கச் சொன்னார். மீன்காரன், தோடம்பழக்காரன், எங்கள் கடைக்காரர், என் புருசன், மிலான் மகன் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். கார் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்தது. பிடித்ததும் சின்யோரா, நிற்பாட்டினால் வினை என்று நினைத்து, ஒருவரையும் ஏற்றாமல் போய்விட்டார். போத்தில் பிடித்த என்னை மட்டும் வேறு வழியில்லாமல் கொண்டுபோனார். கண்ணாடியில் பார்த்தேன். மகன் நடு வீதியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சேர்ட்டில் மீன் செதில் மினுங்கியது.

அவரும் என் புருசனும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் மகன் சேர்ட்டிலிருந்த மீன் செதில்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். பிறகு கேட்டார்:

"மிலானிலை என்ரை வீட்டு வாசலிலை உங்கடை கார் நிண்டால், தள்ள ஆர் வருவினம் மம்மா?"

"ஒருத்தரும் வராயினம். ஹோர்ன் அடிப்பினம்" என்றார் சின்யோரா.

மிலானுக்குத் திரும்பிப் போகும்போது மகன் தனியாகத்தான் போனார்.

அதன் பிறகு இவர் ராங்கைக் கழற்றிக் கழுவினார், சேலைன் குழாய்க்கு ஓய்வு கிடைத்தது. கார் தினமும் ஓடியது. சந்தைக்கு, டொக்டருக்கு, பூசைக்கு என்று எங்கும் அதில்தான். இடைக்கிடை நிற்கும். சின்யோரா ஹோர்னை அழுத்துவார், ஆட்கள் வருவார்கள். சில நாளில் கார் பழுதாகாமலேயே தானே நிற்பாட்டிவிட்டு ஹோர்ன் அடிப்பார் என்பது எனக்கு மட்டும் தெரியும். என் பெர்மெசோவும் புதுப்பித்து வந்தது.

பிள்ளைகள், நான் படித்தது இதுதான். புருசனிடம் கேளாமல் அவருக்கு உத்தியோகம் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால், அவருடைய வீரக்கதையின் மிச்சத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாவிட்டால், நின்றுபோவதற்கு, தள்ளிவிட ஆட்கள் உள்ள இடமாகப் பாருங்கள்.

இவர் இப்போது கலியாண வீடுகளில் இந்தக் கதையைத்தான் சொல்கிறார். பல்லரோவில் மண்ணெண்ணெய் விட்டுச் சனத்தைக் கூட்டியது தன்னுடைய யோசனையாம். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். சொல்லட்டும். மெக்கானிக் என்று பெயர் வைத்தது நான்தானே.