வேங்கிக்கால் போன சைக்கிளுங்க

திருவண்ணாமலையில தேரடிக்குப் பக்கத்துச் சந்துல வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தான் குமரேசன். மணிக்கணக்குக்கு சைக்கிள் விடுறதுதான் தொழில். பேச்சைக் கேட்டா ஊரையே அவன்தான் உருட்டிட்டுப் போறான்னு தோணும். திரும்பி வந்த சைக்கிளைப் பாத்தே அது எங்க போச்சுன்னு சொல்லிடுவானாம். டயர்ல செம்மண்ணா, அடி அண்ணாமலை. கேரியர்ல பூ ஒட்டியிருக்கா, மார்க்கெட். பெரிய துப்பறியும் சிங்கம்! பஞ்சர் ஒட்டச் சொன்னா மட்டும் நாளைக்கு வான்னுவான்.

எண்பத்தொம்பதுல ஜில்லாவைப் பிரிச்சாங்க. அப்புறம் ஆபீசுங்க ஊருக்கு வெளிய வேங்கிக்கால் பக்கம் போக, ஜனங்களும் மனுவும் கையுமா அங்க ஓட ஆரம்பிச்சாங்க. ஆபீஸ்ல காக்க வெச்சா வாடகை ஜாஸ்தியாவுதேன்னு புலம்பல் வேற. அதைக் கேட்டதும் நம்ம ஆளோட மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது. அது எப்பவாவதுதான் செய்யும். செஞ்சா வீட்ல யாருக்கும் நிம்மதி இருக்காது.

இங்க எடு, அங்க விடு. வரும்போது அங்க எடு, இங்க விடு. இதான் திட்டம். வேங்கிக்கால்ல ஒரு கீத்துக் கொட்டாய் போட்டு, மச்சான் காசியை உக்கார வெச்சான். புது சைக்கிளுக்காக பொண்டாட்டி கஸ்தூரியோட செயின் போச்சு. போனவங்க சைக்கிள்ல வரலைன்னா இன்னா பண்ணுவீங்கன்னு அவ கேட்டதுக்கு, போனவன் வீட்டுக்கு வந்துதானே ஆவணும்னு சிரிச்சான்.

திங்கட்கிழமை மனு நாள். காலையிலயே சைக்கிள் பூரா பறந்துது. குமரேசன் தரையில நடக்கலை. சாயங்காலம் ஒண்ணு கூட திரும்பலை. அங்க காசிக்கு நிக்க எடமில்லை, இங்க காத்தடிக்கிற பம்பும் குமரேசனும்தான். வந்த கிராக்கியெல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போயிட்டாங்க.

எதிர்க்காத்து காரணம்னான். சீட்டு குத்துதுன்னு சீட்டை மாத்தினான். டயரைப் பாத்து ஜாதகம் சொல்றவனுக்கு, திரும்பி வராத டயர் ஒண்ணும் சொல்லலை. ஒவ்வொரு வாரமும் டெம்போ வெச்சு சைக்கிளை ஏத்திட்டு வந்ததுல டெம்போக்காரன் நல்லா இருந்தான். இப்படியே இன்னும் ஒரு மாசம் போனா கடையை மூட வேண்டியதுதான்னு கஸ்தூரி சொல்லிட்டா.

அந்த நேரம் பாத்து கொட்டாய்க்கு அனுமதி இல்லைன்னு சொல்லிட்டாங்க. சலவைச் சட்டை போட்டுக்கிட்டு, மனுவோட குமரேசனே சைக்கிள்ல கெளம்பினான். அதிகாரிகிட்ட எப்படிப் பேசணும்னு வழி நெடுக தனக்குள்ளயே ஒத்திகை. எதிர்ல வந்தவன் கும்பிட்டது கூட கண்ணுல படலை. எந்த ஆபீஸ்னு சொல்லி நாம ஏன் வம்பை விலைக்கு வாங்கணும்? மத்தியானம் வரைக்கும் நிக்க வெச்சு, கையெழுத்து போடுறவர் லீவு, அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க.

வெளிய டீக்கடையில இவனை மாதிரியே தொங்கின முகத்தோட ஒரு கும்பல். ஜோதியம்மாள்னு ஒரு கிழவி, பென்ஷனுக்காக நடக்கிறவ, உனக்கு இது எத்தினியாவது வாரம்பான்னு கேட்டா. முதல் வாரம்னான். எல்லாரும் சிரிச்சாங்க. வந்த ஆட்டோவுல மொத்தப் பேரும் ஏற, இவனும் அரை சீட்டுல தொத்திக்கினான். ஆபீஸ்காரங்களைத் திட்டின திட்டுல இவனுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. தேரடியில எறங்கும்போது மனசு லேசாயிடுச்சு.

கடை வாசல்ல நின்ன கஸ்தூரி அவனை மேலயும் கீழயும் பாத்தா.

"இன்னாங்க, சைக்கிள் எங்க?"

குமரேசன் காலியா கெடந்த கடையைப் பாத்தான்.

"அங்கயே விட்டுட்டேன்"னான். "நெனப்பே வரலை கஸ்தூரி. போறப்ப தெம்பா தனியா போயிட்டேன். அங்கேருந்து தனியா வர மனசு வரலை."

அவ திட்டுவான்னு நெனச்சான். அவ கதவை இழுத்துப் பூட்டினா. எல்லாத்தையும் எடுத்தாந்து கொட்டாயைப் பிரிச்சிடலாம், கெளம்புங்கன்னா. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாங்க.