பாலத்தின் மேல் ஓர் உயிர்

பூபதிக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூர் சிப்காட்டில், வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பாகலூர் ரோட்டில் மாடி அறை. கல்யாணம் கூடிவரவில்லை, எப்போது என்று கேட்டவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். கீழ்வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், கம்பெனி கேன்டீனில் இந்தி. எல்லாப் பாஷையிலும் ‘சாப்பிட்டாச்சா’ வரைக்கும் பேசக் கற்றிருந்தான். அதற்கு மேல் பேசத்தான் ஆள் இல்லை.

ஆனால் ஒரு காலத்தில் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. அன்றைக்கு நாலு பேர் அந்த அறையில் பாய் விரித்து உட்கார்வார்கள். சீட்டு இல்லை, கேரம் இல்லை; பூதமும் மந்திரவாதியும் உலவும் கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, ‘கதவை உடைக்கிறேன்’, ‘மரத்தின் பின்னால் ஒளிகிறேன்’ என்று தங்கள் முடிவைச் சொல்லவேண்டும். கதவு உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். கதை சொல்வது பூபதி. வாரம் பூராவும் வாயைத் திறக்காத மனுஷன் அன்றைக்குப் பூதமாக உறுமுவான், சூனியக்காரியாக இருமுவான். கீழ்வீட்டு நாராயணம்மா பயந்துபோய், “பூபதிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?” என்று மாடியேறி வந்து விசாரித்ததும் உண்டு.

ஆடியவர்கள் மூவரும் அதே கம்பெனிதான். கெலமங்கலத்து ராஜசேகர், கணக்குப் பிரிவு சுப்ரியா, பயிற்சிக்கு வந்து வேலையில் ஒட்டிக்கொண்ட ஹரீஷ்குமார். பூபதியை மூவரும் கிண்டலாக ‘மாஸ்டர்’ என்பார்கள். கடைசியாக ஆடிய ஞாயிறு, சுப்ரியாவின் பாத்திரமான வைத்தியக்காரி ஒரு கயிற்றுப் பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டாள். அக்கரையில் பூதம். அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஓர் உயிர்ப்புள்ளி. அவர்கள் ஆடியது விதிப் புத்தகத்தின் பழைய பதிப்பு. அதில் உயிர் பூச்சியமானால் செத்தது செத்ததுதான், பேச்சே கிடையாது. நேரமாகிவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்தார்கள்.

அடுத்த வாரம் வரவில்லை. ராஜசேகரைப் புனே ஆலைக்கு மாற்றினார்கள். சுப்ரியா கல்யாணமாகி மைசூர் போனாள். ஹரீஷுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. பூபதிக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் அங்கேயே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தான், தூங்கினான், ராமநாயக்கன் ஏரிப் பக்கம் போய்விட்டு வந்தான். வாட்ஸப் குரூப்பில் பொங்கல் வாழ்த்தும் தீபாவளி வாழ்த்தும் வந்தன. இப்படி இரண்டு வருடம் ஓடியது.

ஒருநாள் ஹரீஷ் அந்தக் குரூப்பில் போட்டான்: ‘நம்ம கேமோட புது எடிஷன் வந்திருச்சு. செமயா இருக்கு.’ ராஜசேகர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சுப்ரியாவும் காட்டினாள். அவ்வளவுதான், பூபதிக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. என்ன புரிந்தது தெரியுமா? தான் பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு அழுததால்தான் இவர்கள் வருவதில்லை என்று! அறிவு கெட்ட மனுஷன். பேச ஆளில்லாமல் கிடந்தால் மூளை இப்படித்தான் கணக்குப் போடும்.

புதுப் புத்தகத்தைத் தருவித்துப் படித்தான். ஏகப்பட்ட மாற்றம். பழையதில் மந்திரத்தை ஒருதரம் சொன்னால் அன்றைக்கு மறந்துபோகும். புதியதில் சின்ன மந்திரங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். பழையதில் பட்ட காயம் ஆற வாரக்கணக்காகும். புதியதில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் உயிர் முழுக்கத் திரும்பிவிடும். பூச்சியமானாலும் உடனே சாவு இல்லை, பிழைக்க வாய்ப்பு மேல் வாய்ப்பு. மூவரின் பாத்திரங்களையும் உட்கார்ந்து புது விதிக்கு மாற்றி, புதுத் தாளில் எழுதி முடித்தான். ஆயுத பூஜை லீவுக்கு எல்லோரும் ஊர்ப்பக்கம் வருவார்கள் என்று தெரியும். வரச்சொல்லிச் செய்தி போட்டான். மூவருமே வருகிறோம் என்றதும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தக் குஷியில்தான் ஒரு காரியம் செய்தான். கம்பெனியில் ஒரு பாகத்தின் வரைபடத்தைத் திருத்திப் புது ரிவிஷன் வந்தால், பூபதிதான் மெஷின் மெஷினாகப் போய்ப் பழையதைப் பிடுங்கிக்கொண்டு வருவான். ஒன்று தங்கிவிட்டாலும் யாராவது அதைப் பார்த்துப் பாகத்தைத் தப்பாகச் செய்து, வண்டியோடு சரக்கு திரும்பி வரும். அது அவன் ரத்தத்தில் ஊறிப்போன பயம். அதே கையோடு பழைய விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸையும், மூவரின் பழைய தாள்களையும் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டான். கம்பெனியில்கூடப் பழையதில் ஒரு பிரதியைச் சிவப்பு முத்திரை குத்திப் பீரோவில் வைப்பார்கள். பூபதி அதுகூட வைக்கவில்லை. பழையது கையில் இருந்தால் தானே அதற்குத் திரும்பிவிடுவோம் என்று பயந்தான்.

பூஜைக்கு மறுநாள் காலை மூவரும் வந்தார்கள். அறைக்குள் பேச்சு நிரம்பியது. பொரியும் கடலையும் தட்டில் கொட்டி, பாயை விரித்து, புதுத் தாள்களைப் பெருமையாக நீட்டினான்.

ஹரீஷ் தாளைப் புரட்டிப் பார்த்தான். “அண்ணா, இத நான் வாராவாரம் பெங்களூர்ல ஆடறேன். நம்ம பழச ஆடலாம்னுதான் இங்க வந்தேன்.”

“நீதானப்பா செமயா இருக்குன்னு போட்ட?”

“குரூப்புல யாருமே பேசறதில்லயேன்னு எதயாச்சும் போட்டேண்ணா.”

சுப்ரியா தன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு ஒரு உயிர்தானே அண்ணா இருந்துச்சு? இதுல முப்பத்தெட்டுன்னு இருக்கு.”

“புதுசுல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா எல்லாம் திரும்பிரும்மா. நடுவுல எத்தன ராத்திரி போயிருச்சு.”

“நான் பாலத்து மேல நிக்கறேன்ணா. எங்க போயி படுத்தேன்?”

ராஜசேகர் சிரித்துவிட்டான். “விடுங்க மாஸ்டர். பழைய ஷீட்ட எடுங்க, அதுலயே ஆடுவோம்.”

பூபதி பொரித்தட்டைப் பார்த்தபடி சொன்னான், “கிழிச்சுட்டேன்.”

“என்னாத்துக்கு?”

“புது ரிவிஷன் வந்தா பழசு கெடக்கக்கூடாதுல்ல.”

“அது கம்பெனி டிராயிங் மாஸ்டர்,” என்றான் ராஜசேகர். “இது நாம.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பூபதிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“விதியெல்லாம் எனக்கு மனப்பாடம்,” என்று அவசரமாகச் சொன்னான். “பழசாவே ஆடுவோம். ஒனக்கு ஒரு உயிர்னே வச்சுக்குவோம்மா.”

“வேணாம்ணா. முப்பத்தெட்டப் பாத்துட்டேன், இனிமே பயம் வராது,” என்றாள் சுப்ரியா. “நான் உழுந்தாலும் நீங்க உடமாட்டீங்க.”

சரி, வந்ததற்கு ஆடுவோம் என்று புதியதையே ஆடினார்கள். பூபதி உறுமிப் பார்த்தான். பூதம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பூதம் பாலத்தை ஆட்டியது, வைத்தியக்காரி அடிபட்டாள், முப்பத்தெட்டில் ஒன்பது போயிற்று, நடந்து அக்கரை சேர்ந்தாள். ஹரீஷ் கைதட்டினான். ராஜசேகர் நடுவில் இரண்டு தரம் போன் பேசினான். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டார்கள். பிள்ளைகள், வாடகை, பெங்களூர் டிராஃபிக் என்று பேச்சு போனது. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ராஜசேகர் கெலமங்கலத்துக்கு பைக்கை எடுத்தான். பெங்களூர் பஸ் ஏறவேண்டிய மற்ற இருவரோடும் பூபதி பஸ் ஸ்டாண்டுவரை போனான்.

வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் ஹரீஷ் உள்ளே போய் இடம் பிடித்தான். சுப்ரியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“மைசூர்ல வீட்ல தனியா இருக்கறப்பல்லாம் நெனப்பேண்ணா,” என்றாள். “நாம இன்னும் அந்தப் பாலத்து மேலதான் நிக்கறோம், ஒருநா ஓசூர் போயி அத முடிக்கணும்னு தோணும். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

பூபதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவனும் இரண்டு வருடமாக அந்தப் பாலத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அங்கே இன்னொரு ஆளும் கூடவே நின்றது இப்போதுதான் தெரிகிறது.

“தாண்டிட்டீல்லம்மா,” என்றான்.

“ஆமாண்ணா, தாண்டிட்டேன்.” சிரித்தாள். “வரேன்ணா.”

அடுத்த லீவுக்கு வா என்று சொல்ல வாயெடுத்தான். எதற்கு வா என்று சொல்வது? பஸ் நகர்ந்தது. அவளை இந்த ஊருக்குத் திரும்பக் கூட்டிவர ஓர் உயிர் பாக்கி இருந்தது. அதை அவனே முப்பத்தெட்டாக்கி அனுப்பிவிட்டான்.